கான் என்பது ஒரு குடும்பம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்துஸ்தானி இசைக் கலைஞர்களைப் பற்றிய செய்திகளில் முதல் வரியில் முழுப்பெயர் இருக்கும். இரண்டாம் வரியிலிருந்து ‘கான் பிறந்தார்’, ‘கான் வாசித்தார்’, ‘கானின் மகன்’ என்று ஓடும். ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு எழுதுகின்றன. அதை மொழிபெயர்க்கும்போது வழக்கமும் சேர்ந்தே தமிழுக்கு வந்துவிடுகிறது. பல தமிழ் நாளிதழ்களில் காணப்படும் இந்தப் பழக்கத்தைத் தங்கள் இதழாவது விட்டுவிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இனாயத் கான் என்ற ஒரு பெயர் போதும். பரோடாவில் 1882இல் பிறந்த இனாயத் கான் பாட்டும் வீணையும் கற்றவர். 1910இல் இந்தியாவை விட்டு மேற்கே போய், அங்கே சூஃபி நெறியைப் பரப்பியவர். 1927இல் டெல்லியில் காலமானார். அடக்கத்தலம் நிஜாமுதீன் பகுதியில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவைச் சேர்ந்த இனாயத் கான் வேறொருவர். சிதாரிலும், அதைவிடப் பெரிய, தாழ்ந்த சுருதியுள்ள சுர்பஹாரிலும் மேதையான இம்தாத் கானின் மகன். தாமும் அதே இரண்டு கருவிகளில் பெயர் பெற்று 1938இல் மறைந்தவர். இருவருக்கும் உறவில்லை. ஒரே காலம், ஒரே பெயர், இருவருமே இசைக்காரர்கள்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. சூஃபி இனாயத் கானின் மூத்த மகன் பெயர் விலாயத். சிதார் இனாயத் கானின் மூத்த மகன் பெயரும் விலாயத். அவர்தான் புகழ்பெற்ற உஸ்தாத் விலாயத் கான். சிதார் விலாயத் 2004 மார்ச் 13 அன்று மும்பையில் காலமானார். தந்தை வழியில் சூஃபி ஆசானாக விளங்கிய பீர் (குரு) விலாயத் அதே 2004 ஜூன் 17 அன்று காலமானார். சூஃபியின் இளைய மகன் ஹிதாயத் மேற்கத்திய இசை அமைப்பாளர். சிதார் விலாயத்தின் மகன் ஹிதாயத் சிதார்க் கலைஞர். ‘கானின் மகன் ஹிதாயத்’ என்று ஒரு செய்தி எழுதினால் வாசகர் எந்தக் குடும்பத்துக்குப் போவார்?

பிரித்தறிய வழி இருக்கிறது. மேற்கே குடியேறிய சூஃபி குடும்பம் தந்தையின் முழுப்பெயரையே குடும்பப் பெயராக ஆக்கிக்கொண்டது. ஆகவே ‘விலாயத் இனாயத் கான்’, ‘ஹிதாயத் இனாயத் கான்’ என்று நடுவில் இனாயத் வந்தால் அது சூஃபி வீடு. சிதார் வீட்டில் வெறும் ‘விலாயத் கான்’, அவர் தம்பி ‘இம்ரத் கான்’. இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் பிரிட்டனுக்காக ரகசிய வானொலிப் பணி செய்து, 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டு, 1949இல் ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற நூர் இனாயத் கான் சூஃபியின் மகள். அவரைச் சிதார் விலாயத் கானின் அக்கா என்று எழுதுவது இந்தக் குழப்பத்தில் எளிதாக நேரக்கூடிய பிழை. பழைய இசைத்தட்டுகளுக்கும் இதே கவனம் தேவை. 1909இல் கிராமபோன் கம்பெனி பதிவு செய்த இனாயத் கான் பாட்டுகள் பரோடாக்காரருடையவை. சிதாரோ சுர்பஹாரோ ஒலித்தால் எட்டாவாக்காரர்.

இந்த இருவரோடும் பெயர் நிற்கவில்லை. ராம்பூர் சஹஸ்வான் கரானாவின் (இசை மரபு) முன்னோடி இனாயத் ஹுசைன் கான் இன்னொருவர். ஓவிய வரலாற்றுக்குப் போனால் ஜஹாங்கீர் அரசவையில் இருந்த இனாயத் கான் வருகிறார். அபினும் மதுவும் உடம்பை அரித்து எலும்பும் தோலுமாகி, ஆக்ரா போக விடை கேட்டு வந்தவரைப் பார்த்துத் திகைத்த ஜஹாங்கீர், ஓவியர்களை அழைத்து அப்படியே வரையச் சொன்னார். இதை அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1618ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட வண்ண ஓவியம் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்திலும், அதன் கோட்டுருவம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன. பால்சந்த் வரைந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. முகலாய ஓவியங்களில் இதைப்போல் கண்ணை உறுத்தும் படம் வேறில்லை என்பேன். ஷாஜஹான் ஆட்சியின் வரலாற்றைச் சுருக்கி எழுதிய அரண்மனை நூலகரும் ஓர் இனாயத் கான்தான். அவருடைய இயற்பெயர் முகமது தாஹிர். இனாயத் கான் அரசர் தந்த பட்டம்.

இங்கேதான் விடை கிடைக்கிறது. கான் தொடக்கத்தில் துருக்கிய, மங்கோலியத் தலைவர்களின் பதவிப் பெயர். அதற்கு மதம் கிடையாது. 1206இல் செங்கிஸ் கான் என்று அறிவிக்கப்பட்ட தெமுஜினும், 1258இல் பாக்தாத்தை அழித்து கலீபாவைக் கொன்ற அவர் பேரன் ஹூலாகு கானும் முஸ்லிம்கள் அல்லர். ஈரானில் ஆண்ட மங்கோலிய மரபில் கஸான் 1295இல் இஸ்லாத்தைத் தழுவிய பிறகுதான் அந்த அரசு முஸ்லிம் அரசானது. செங்கிஸ் கானை முஸ்லிம் படையெடுப்பாளராக எண்ணிக்கொண்டு எழுதப்படும் கட்டுரைகள் இன்றும் கண்ணில் படுகின்றன. பெயரில் உள்ள கானைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

முகலாயர்கள் அதைப் பிரபுக்களுக்குத் தரும் பட்டமாக்கினார்கள். மன்சப் என்ற அரசுப் பதவித் தரம் எப்படித் தந்தையிடமிருந்து மகனுக்குத் தானாக வராதோ அப்படியே பட்டமும். நூர்ஜஹானின் அண்ணன் அபுல் ஹசன் பெற்ற பட்டம் ஆசஃப் கான். அவர் மகன் அபு தாலிப் பெற்றது ஷாயிஸ்தா கான். தந்தைக்கும் மகனுக்கும் பொதுவாக மிஞ்சியது கான் மட்டும். அக்பர் காலத்திலேயே வேறு ஆசஃப் கான்கள் இருந்தார்கள். வைத்திருந்தவர் போனபின் அதே பட்டம் இன்னொருவருக்குப் போகும். ஆகவே முகலாய வரலாற்றில் ‘ஆசஃப் கான்’ என்று மட்டும் எழுதினால் ஆளைச் சொன்னதாகாது. பிறைக்குறிக்குள் இயற்பெயர் வேண்டும்.

பட்டங்களில் உச்சம் கான்கானான். பைராம் கானுக்கும், அவர் மகன் அப்துல் ரஹீமுக்கும் (1556–1627) அது கிடைத்தது. இந்தி தோஹாக்களால் (ஈரடிப் பாக்கள்) இன்றும் பாடநூல்களில் வாழும் ரஹீம் இவர்தான். பாபர் தம் சகதாய் துருக்கியில் எழுதியதை 1589இல் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. இவர் தம் ஓவியக்கூடத்தில் தயாரித்த படங்களுடன் கூடிய ராமாயணப் பிரதி வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்தில் இருக்கிறது. டெல்லியில் தம் மனைவிக்காக இவர் எழுப்பிய கல்லறை மாடத்தைப் புதுப்பித்தது ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை. அந்த ‘ஆகா கான்’ பாரசீக மன்னர் நிஜாரி இஸ்மாயிலி என்ற ஷியா பிரிவின் இமாமுக்குத் தந்த பட்டம். 2025 பிப்ரவரியில் ஐந்தாம் ஆகா கானாகப் பொறுப்பேற்றவர் பெயரும் ரஹீம் என்பதால், இனி இந்தக் கட்டடம் பற்றி எழுதுகிறவர்கள் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குள்ளும் இந்தப் பட்டத்தின் சுவடுகள் நிறைய. 1698இல் செஞ்சியைப் பிடித்த முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான், ராஜா தேசிங்கு 1714இல் மோதிய ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், 1749இல் ஆம்பூர்ப் போரில் விழுந்த அன்வருதீன் கான் ஆகிய மூவரும் மூன்று வெவ்வேறு வம்சம். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான், மருதநாயகம் என்ற பெயரில் பிறந்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. நாட்டுப்பாடலில் அவர் கான்சாயபு. மதுரையில் அவர் பெயரால் கான்சாமேட்டுத் தெரு. பெஷாவரில் 1922இல் பிறந்து திலீப் குமார் என்று திரையில் அறியப்பட்ட நடிகரின் இயற்பெயரும் யூசுப் கான்தான். தேடினால் இருவரும் சேர்ந்தே வருவார்கள்.

‘கான் சாகிப்’ என்ற தொடர் இன்னும் சிக்கலானது. மதுரைக்காரருக்கு அது யூசுப் கான். இசை உலகில் எந்த முஸ்லிம் உஸ்தாதையும் (ஆசான்) சீடர்கள் கான் சாகிப் என்றே கூப்பிடுவார்கள். எல்லைப்புற மாகாண முதல்வராக இருந்த டாக்டர் கான் சாகிப், எல்லை காந்தியின் அண்ணன். இயற்பெயர் அப்துல் ஜப்பார் கான். பிரிட்டிஷ் அரசு முஸ்லிம்களுக்கும் பார்சிகளுக்கும் கொடுத்த ‘கான் சாகிப்’ என்ற கௌரவப் பட்டம் இத்தொடரின் நான்காவது பொருள். அதற்கு ஒரு படி மேலே கான் பகதூர். இந்துக்களுக்கு அதே வரிசையில் ராவ் சாகிப், ராவ் பகதூர். எனவே பெயருக்கு முன்னால் ‘கான் பகதூர்’ வந்தால் பெரும்பாலும் அது ஆங்கிலேயர் தந்தது. அவர் பதானாகவோ உருது பேசுபவராகவோ இருக்கவேண்டிய அவசியம் இல்லை. புதுக்கோட்டை திவானாக இருந்த கான் பகதூர் கலிபுல்லா ராவுத்தர் சமூகத்தவர். அவருடைய பெயரை ‘கலிபுல்லா கான்’ என்று திருப்பிப் போட்டால் ஆளே மாறிவிடுகிறார்.

மீண்டும் இசைக்கு வருகிறேன். தங்கள் இதழில் அதிகம் தேவைப்படுவது அதுதான். கிரானா கரானாவின் அப்துல் கரீம் கானை (1872–1937) எடுத்துக்கொள்வோம். மைசூர் அரசவைக்கு வந்து போய்க் கர்நாடக இசையோடு நெருங்கியவர். தியாகராஜரின் கரகரப்பிரியா கிருதி ‘ராம நீ சமானமெவரு’வை இசைத்தட்டில் பாடியவர். புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நலம் கெட்டு, 1937 அக்டோபர் 27 அன்று செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். அடக்கம் மகாராஷ்டிரத்தின் மிரஜ் தர்காவில். அவருடைய பிள்ளைகள் ஹிராபாய் பரோடேகர், சுரேஷ்பாபு மானே, சரஸ்வதி ராணே. தாய் தாராபாய் மானே கணவரைப் பிரிந்து வந்தபின் பிள்ளைகள் அந்தப் பெயர்களிலேயே பாடிப் புகழ் பெற்றார்கள். மூவரும் தந்தையின் இசையைத்தான் பாடினார்கள். ஆனால் ‘கான் குடும்பம்’ என்று தேடுகிற ஆய்வாளர் கண்ணில் ஒருவரும் பட மாட்டார்.

மத்தியப் பிரதேச மைஹரின் அலாவுதீன் கான் வீட்டிலும் அப்படித்தான். மகன் சரோத் (மீட்டி வாசிக்கும் தந்திக் கருவி) மேதை அலி அக்பர் கான். மகள் சுர்பஹார் மேதை அன்னபூர்ணா தேவி. அன்னபூர்ணா என்ற பெயரை வைத்தவர் மைஹர் மகாராஜா. குவாலியர் சரோத் பரம்பரையில் ஹாஃபிஸ் அலி கானின் மகன் அம்ஜத் அலி கான். அவருடைய மகன்கள் அமான் அலி பங்கஷ், அயான் அலி பங்கஷ். பங்கஷ் என்பது அவர்களுடைய பதான் குலத்தின் பெயர். மூன்றாம் தலைமுறையில் கான் உதிர்ந்து குலப்பெயர் மேலே வந்திருக்கிறது.

அலி அக்பர் கானும் அம்ஜத் அலி கானும் உறவினர் அல்லர். இருவருக்கும் சரோத்தான் கருவி என்பதால் படங்கள் இடம் மாற வாய்ப்பு அதிகம். முகம் தெரியாத பழைய படத்தில் கருவியைப் பாருங்கள். மைஹர் சரோத்தில் 25 தந்திகள்: நான்கு முதன்மைத் தந்திகள், தனிச் சிறு குதிரை மீது செல்லும் நான்கு, தாளத்துக்கு மீட்டும் இரண்டு சிகாரி, மீட்டாமலே உடன் அதிரும் பதினைந்து தந்திகள். அம்ஜத் அலி கான் மரபின் சரோத்தில் 19தான். பிருடைகள் கூடுதலாக நெருங்கி, கழுத்தின் மேல்பகுதியில் அந்தத் தனிக் குதிரை தெரிந்தால் அது மைஹர் மரபு. சிதாரிலும் ஒரு குறிப்பு உண்டு. மேலே இரண்டாவது சுரைக்குடம் இருந்தால் பெரும்பாலும் ரவி சங்கர் வழி. இல்லாவிட்டால் விலாயத் கான் வழியாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிப் படவிளக்கம் எழுத வேண்டாம்.

வேறு சில ஜோடிகளையும் சொல்லிவிடுகிறேன். ரஷீத் கான் என்றால் 2024 ஜனவரி 9 அன்று கொல்கத்தாவில் மறைந்த ராம்பூர் சஹஸ்வான் பாடகர். ஆப்கன் சுழற்பந்து வீச்சாளரும் ரஷீத் கான். இந்தூர் பாணியை உருவாக்கிய அமீர் கான் (1912–1974) வேறு, நடிகர் ஆமிர் கான் வேறு. படே குலாம் அலி கான் (1902–1968) பாட்டியாலா கரானாவின் கயால், தும்ரி என்ற பாட்டு வகைகளில் மேதை. குலாம் அலி, அவருடைய பெயரையே சூட்டி வளர்க்கப்பட்ட கஜல் பாடகர். இம்தாத் கானின் மகன் வஹீத் கான் சுர்பஹார் வாசித்தவர். அப்துல் வஹீத் கான் கிரானாப் பாடகர். நுஸ்ரத் ஃபதே அலி கானின் தந்தை ஃபதே அலி கான் கவாலி (சூஃபி பக்திப் பாட்டு) பாடியவர். பாட்டியாலா கயால் பாடிய ஃபதே அலி கான் வேறு வீடு.

கான் மட்டும் இப்படியில்லை. தபலா ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்தபோது ‘உசேன்’ என்று தலைப்பிட்டவர்கள் உண்டு. அவருடைய குடும்பப் பெயர் குரேஷி. தந்தை அல்லா ரக்கா குரேஷி. குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன், ஓவியர் எம்.எஃப். உசேன், இவர் என மூவருக்கும் உசேன் பொது, உறவு கிடையாது.

தமிழ் எழுத்தில் இன்னொரு வலையும் உண்டு. டாக்கா நாடாளுமன்றக் கட்டடத்தையும் அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தையும் வடிவமைத்த லூயிஸ் கான் எஸ்டோனியாவில் பிறந்த யூதர். டாக்காவில் பிறந்து, சிகாகோவின் 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் முஸ்லிம். ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் எழுத்து வேறு, தமிழில் ஒன்றே. கட்டடக்கலைப் பக்கத்தில் ‘டாக்காவில் கான்’ என்று எழுதினால் இரண்டு பேருக்கும் பொருந்தும். இங்கே முழுப்பெயரை விட்டால் வேறு வழியில்லை.

செய்தி மேசைக்குச் சில யோசனைகள். இரண்டாவது முறை குறிப்பிடும்போதும் ‘விலாயத் கான்’ என்றே எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாவிட்டால் விட வேண்டியது கானை, விலாயத்தை அன்று. முதல் குறிப்பிலேயே கருவியும், கரானா அல்லது ஊரும், தந்தை பெயரும் வந்துவிட்டால் பாதிப் பிழை போகும். படக் காப்பகத்தில் ‘கான், இனாயத்’ என்று க வரிசையில் சேர்த்தால் நூறு பேர் ஒரே குவியலாகிவிடுவர். ‘இனாயத் கான் – சிதார் – எட்டாவா – இம்தாத் கான் மகன் – மறைவு 1938’ என்று இ வரிசையில் சேர்க்க வேண்டும். எனாயத், இனாயத், இனயத் என்று எழுத்து மாறி வருவதால் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுங்கள். முகலாயப் பிரபுவானால் பட்டத்தோடு இயற்பெயர். பிரிட்டிஷ் பட்டமானால் பெயருக்கு முன்னால் வந்தது முன்னாலேயே இருக்கட்டும். ‘இன்னார் கானின் பேரன்’ என்று எழுதுமுன் கரானாவைச் சரிபாருங்கள். இசையில் பேரன் என்று சொல்லப்படுபவர் சில வேளை சீடனின் சீடனாக இருப்பார்.

கானை விடச் சொன்னதும் பலர் செய்கிற அடுத்த பிழை, பெயரின் முதல் சொல்லை எடுத்துக்கொள்வது. அப்துல் கரீம் கானை ‘அப்துல்’ என்று எழுதுவார்கள். அப்துல், குலாம் இரண்டும் அரைப் பெயர்கள். அடுத்த சொல்லோடு சேர்ந்தால்தான் பெயராகும். அப்துல் கரீம், அப்துல் வஹீத், அப்துல் ரஹீம், குலாம் அலி என்று இரண்டையும் பிரிக்காமல் எழுத வேண்டும். உஸ்தாத், பண்டிட் போல அடைமொழி. படே என்பது பெரியவர், சோட்டே என்பது சிறியவர் என்று ஒரே பெயருள்ள இருவரைப் பிரிக்க வந்தவை. இவற்றில் எதையும் தனியாக எடுத்து ஆளின் பெயராக நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
நூலகப் பட்டியலாளர் ஒருவர்,
செங்கல்பட்டு